விலங்கு பூட்டிய கை பேசாது

(உலகச் சைகை மொழிகள் நாளையொட்டி, காவலர்களும் காது கேளாதோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என் பக்கத்தில் நின்று, நான் சொல்லச் சொல்ல அதைத் தன் கைகளால் உங்களிடம் சேர்க்கும் தங்கைக்கு முதல் நன்றி. நான் வேகமாகப் போனால் முன்வரிசையில் இருக்கும் யாராவது கையை உயர்த்துங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது இன்னொரு வேலை. "சார், இங்கே ஒரு வாய் பேசாத பையன் வந்திருக்கான், என்ன சொல்றான்னே புரியல, கொஞ்சம் வர முடியுமா?" என்று ஸ்டேஷனிலிருந்து போன் வரும். பெரும்பாலும் இரவில்தான் வரும். போய்ப் பார்த்தால் விஷயம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அது பெரிதாகியிருக்கும். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

காது கேளாத ஒருவர் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் அங்கே இருப்பவர்கள் மனதில் எழுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று சந்தேகம், மற்றது இரக்கம். சந்தேகப்பட்டால் மூலையில் உட்கார வைக்கிறார்கள். இரக்கப்பட்டால் டீ வாங்கிக் கொடுத்து, "நாளைக்கு வீட்டு ஆளைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் அவர் சொல்ல வந்தது அவரிடமே நின்றுவிடுகிறது. என் கருத்து ஒன்றுதான். அவர் வேறொரு மொழி பேசுகிறவர். அந்த மொழி தெரிந்த ஆள் வந்து சேரும்வரை விசாரணை தொடங்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

திருப்பூரில் ஒடியா மட்டுமே தெரிந்த தொழிலாளி ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்தால் ரைட்டர் என்ன செய்வார்? பக்கத்து கம்பெனி சூப்பர்வைசரைக் கூப்பிடுவார், இந்தி தெரிந்த ஏட்டைத் தேடுவார். அந்தத் தொழிலாளி தமிழ் தெரியாததுபோல் நடிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. காது கேளாதவர் வந்தால் மட்டும் "நடிக்கிறானோ?" என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதும், மேஜையில் லத்தியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவதும் இன்றும் நடக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு அவர் திரும்பிவிட்டால் "பார்த்தீங்களா, கேக்குது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காது கேளாதோரில் பலருக்குப் பெரிய சத்தங்கள் எட்டும். மேஜையின் அதிர்வு உடம்புக்குத் தெரியும். இடி கேட்பதும் பேச்சு விளங்குவதும் ஒன்றல்ல. காது கேளாதவர்போல அட்டையை நீட்டிப் பணம் பறிக்கும் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்களால் அதிகம் அவமானப்படுகிறவர்களும் காது கேளாதோர்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் என்று பதிவானவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் சைகை மொழியே முதல் மொழியாக வாழ்கிறவர்கள் பெருந்திரள். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் என்று டெல்லியில் மத்திய அரசு ஒரு மையத்தை 2015-இல்தான் அமைத்தது. அந்த மையம் வெளியிட்ட அகராதி 2021-இல் 10,000 சொற்களைத் தொட்டது. மையம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த மொழி இருந்தது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. வகுப்பறையில் வாய்ப்பேச்சைப் பழக்கிய காலத்திலும், விடுதியில் விளக்கணையும்வரை பிள்ளைகள் தங்களுக்குள் சைகையில்தான் கதை பேசினார்கள். அந்த மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. புருவத்தை உயர்த்துவதும் தலையை முன்னே நீட்டுவதும் முகத்தைச் சுளிப்பதும் அந்த இலக்கணத்தின் உறுப்புகள். தெரியாதவர் பார்த்தால் கோபமாகத் தெரியும். "முறைக்கிறான் சார்" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முறைத்ததாகச் சொல்லப்பட்டவர் அங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

முதலில் தெருவுக்கு வருவோம். உறவு கெடுகிற முதல் இடம் அதுதான்.

இரவு வாகனச் சோதனை. காவலர் கை காட்டுகிறார். இருட்டில் அது சரியாகத் தெரியவில்லை. வண்டி கடந்து போனதும் பின்னாலிருந்து விசில் ஊதுகிறார். காது கேளாதவர் தன் போக்கில் போகிறார். காவலர் கண்ணில் அவர் தப்பி ஓடுகிறவர். துரத்திப் பிடித்ததும் டார்ச்சை முகத்துக்கு நேராக அடிக்கிறார்கள். காது கேட்கிறவருக்கு அந்த வெளிச்சம் கண் கூசுவதோடு போகும். காது கேளாதவருக்கு அந்த நொடியில் உலகமே அறுந்துபோகிறது. எதிரே நிற்பவர் யார், எத்தனை பேர், வாய் அசைகிறதா, கை என்ன காட்டுகிறது, எதுவும் தெரியாது. அவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கிறார், அல்லது உரிமத்தையோ அடையாள அட்டையையோ எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விடுகிறார். துரத்தி வந்த காவலருக்கு அது எப்படித் தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டார்ச்சைத் தன் முகத்தின் மீதும் தன் கை மீதும் ஒருமுறை அடித்துக் காட்டினால் போதும், பாதிப் பதற்றம் அங்கேயே இறங்கிவிடும்.

"இவங்க எல்லாம் வண்டியே ஓட்டக் கூடாதே" என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காது கேளாதோருக்கு ஓட்டுநர் உரிமம் கொடுக்க டெல்லி உயர்நீதிமன்றம் 2011-இல் வழி திறந்தது. 2016-இல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கேட்கும் திறன் இல்லை என்பதற்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. சோதனைச் சாவடியில் நிற்கும் எல்லோருக்கும் அது போய்ச் சேரவில்லை.

இந்தத் தெருச் சந்திப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் 2017 செப்டம்பர் 19 இரவு நடந்ததைச் சொல்கிறேன். வேறொரு வாகன விபத்தை விசாரிக்கப் போலீஸார் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். வாசலில் 35 வயதுக் காது கேளாத மனிதர் ஒருவர் கையில் ஓர் உலோகக் குழாயோடு நிற்கிறார். தெருநாய்களை விரட்ட அதை வைத்துக்கொண்டு நடப்பது அவர் வழக்கம் என்று அக்கம்பக்கத்தார் பின்னால் சொன்னார்கள். கீழே போடு என்று கத்துகிறார்கள். அவர் முன்னே வருகிறார். அக்கம்பக்கத்தார், "அவருக்குக் காது கேட்காது" என்று கூவுகிறார்கள். ஓர் அதிகாரி மின்னதிர்ச்சித் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறார், மற்றவர் சுடுகிறார். அவர் இறந்துபோனார். அந்த விபத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. வண்டியை ஓட்டியவர் அவருடைய தந்தை. அதிகாரிகள் மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஊனமுற்றோரின் உரிமைக்கு 1990-லேயே வலுவான சட்டம் இயற்றிய நாடு அது. காது கேளாதோரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று காவலர்களுக்கு அந்நாட்டு நீதித்துறை தனிக் கையேடே போட்டிருக்கிறது. அந்த வாசலில் கையேட்டைப் புரட்ட நேரம் இல்லை. நம் ஊரில் துப்பாக்கி அவ்வளவு எளிதில் உறையிலிருந்து வெளியே வருவதில்லை, அதற்கு நன்றி. லத்தி வருகிறது.

அடுத்தது விலங்கு. சாதாரணமாகவே கைவிலங்கு போடுவதை உச்சநீதிமன்றம் 1980-லிருந்து கண்டித்துவந்திருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சில கடுமையான குற்றங்களுக்கு அதை அனுமதிக்கிறது. எந்தக் குற்றமானாலும் காது கேளாதவரின் கையைப் பின்னால் கட்டினால் அவர் வாயில் துணி அடைத்ததற்குச் சமம். "எனக்குக் காது கேட்காது" என்று சொல்லவும் அவருக்குக் கை வேண்டும். விலங்கு தவிர்க்க முடியாதது என்று அதிகாரி கருதினால், கைகளை முன்னால் வைத்துப் பூட்டுங்கள். விசாரிக்கும்போது கழற்றுங்கள். கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. கை கட்டப்பட்ட நிலையில் யாரோ வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட்டது என்று எந்த மனசாட்சியோடு எழுதுவது?

இப்போது ஸ்டேஷனுக்குள் வருவோம். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நல்ல மனம் படைத்த காவலர்களும் தவறுகிற இடம் இது.

"எழுதிக் காட்டச் சொல்லிட்டோம் சார்" என்பார்கள். அன்போடு தாளும் பேனாவும் கொடுத்திருப்பார்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்குத் தமிழ் என்பது காதில் விழாத மொழி. தாலாட்டிலிருந்து தெருச் சண்டைவரை நம் காதில் தானாக விழுந்து நம்மைத் தமிழராக்கிய எதுவும் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. பள்ளியில் எழுத்து வழியாக, துண்டு துண்டாகத் தமிழைக் கற்கிறது. பெயர்ச்சொல் வந்துவிடும், வினையும் வந்துவிடும். உருபும் விகுதியும்தான் வராது. தமிழில் யார் யாரை அடித்தார் என்பதையே அந்த உருபும் விகுதியும்தான் தீர்மானிக்கின்றன. ஒரு மாணவன் "நான் அவன் அடி" என்று எழுதினால் என்ன பொருள்? நான் அவனை அடித்தேன் என்பதா, அவன் என்னை அடித்தான் என்பதா? சைகையில் இந்தக் குழப்பம் கிடையாது. அடி என்ற சைகை அவன் நிற்பதாகக் காட்டிய இடத்தில் தொடங்கி என்னை நோக்கி வந்தால் அடித்தவன் அவன். என்னிடமிருந்து கிளம்பி அங்கே போனால் அடித்தவன் நான். கையின் திசையே உருபு. அந்தத் திசை தாளில் ஏறுவதில்லை. தாளைப் பார்த்த ரைட்டர், நல்லெண்ணத்தோடு, நல்ல தமிழில் திருத்தி எழுதுகிறார். அடிபட்டவன் அடித்தவனாகி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான். இப்படி ஒரு மனுவைத் திருத்தி எழுதும் நேரத்தில் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அடிபட்டவனின் வீங்கிய உதடு கண்ணெதிரே இருந்ததால் அன்று அது சரியாயிற்று. உதடு வீங்காத வழக்குகள் எத்தனையோ.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். "பணம்" என்று உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமில்லாமல் சொல்லுங்கள். பிறகு "மணம்" என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பணம் எடுத்தாயா என்ற கேள்விக்கும் மணம் முடித்தாயா என்ற கேள்விக்கும் நடுவில் ஒரு வழக்கே இருக்கிறது. உதடு படிப்பதில் தேர்ந்தவர்களும் பார்த்ததில் ஒரு பகுதியை வைத்து மீதியை ஊகிக்கிறார்கள். மீசை அடர்ந்த அதிகாரி, குனிந்து எழுதிக்கொண்டே கேட்கும்போது ஊகிக்கவும் வழியில்லை.

தலையாட்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. காது கேளாதவர் உங்கள் எதிரே அமர்ந்து திரும்பத் திரும்பத் தலையாட்டுகிறார் என்றால், பல சமயம் அதற்கு "நீங்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான் பொருள். சிறு வயதிலிருந்தே, புரியவில்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் எரிச்சலடைவார் என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆகவே தலையை ஆட்டிவிடுகிறார். "நீதானே எடுத்தே?" என்ற கேள்விக்கு அந்தத் தலையாட்டல் கிடைத்தால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியைக் காது கேளாதவரிடம் கேட்கவே கூடாது. "என்ன நடந்தது, காட்டு" என்று கேளுங்கள். அவர் காட்டுவார். இடத்தை வரைவார், ஆட்களை நிறுத்துவார், யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பதையும் காட்டுவார். கண்ணாலேயே வாழ்கிறவர்கள் கவனிக்கும் நுணுக்கம் பேசிப் பழகிய சாட்சிகளிடம் அரிது.

சரி, மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவது? உடனே நினைவுக்கு வருவது வீட்டார். அவர்கள் வருவதில் தவறில்லை. ஆறுதலுக்கு வரட்டும். மொழிபெயர்க்க வரக் கூடாது. கணவன் அடிக்கிறான் என்று அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வந்த காது கேளாத பெண்ணுக்கு மாமியார் மொழிபெயர்ப்பது நம் ஊரில் நடக்கிற காரியம். அந்தப் பெண் கை ஓயக் காட்டிய கதை, "ஒண்ணுமில்லம்மா, கோவத்துல வந்துட்டா, கூட்டிட்டுப் போறேன்" என்ற ஒரு வரியாகிவிடும்.

வேண்டியவர் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்சநீதிமன்றத்தின் 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானில் ஒரு கொலை. இறந்தவரின் மனைவி காது கேளாத, வாய் பேசாத பெண். கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி அவர்தான். நீதிமன்றத்தில் அவர் சைகையில் சொன்னதை அவருடைய தந்தையே மொழிபெயர்த்தார். முறையான உறுதிமொழி இல்லை. அந்தப் பெண் என்ன சைகை செய்தார் என்பது பதிவாகவில்லை. தந்தை சொன்ன பொருள் மட்டும் ஏட்டில் ஏறியது. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது, உச்சநீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. வழக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்னதை நாம் மனதில் இருத்த வேண்டும். காது கேளாத, பேசாத ஒருவர் முழுத் தகுதி உள்ள சாட்சி. அவருக்கு மொழிபெயர்ப்பவர் வழக்கில் அக்கறை உள்ளவராக இருக்கக் கூடாது. சைகையும் பதிவாக வேண்டும், அதன் பொருளும் பதிவாக வேண்டும். தன் கணவன் கொலையுண்டதைப் பார்த்த பெண் அவர். அவர் கைகள் சொன்னவை அப்படியே யாரிடமும் எஞ்சவில்லை. முதல் நாளே ஒரு கேமராவும் நடுநிலையான ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்திருந்தால் அந்த வழக்கு எப்படி முடிந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சென்னைக்கு வருவோம். அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்கும் திறன் குறைந்த சிறுமிக்கு நேர்ந்த கொடுமை 2018 ஜூலையில் வெளியே வந்தது. லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, குழாய் வேலை செய்பவர் என்று அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்த 17 பேர் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த கொடுமை அது. 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நம் காவல்துறையும் நீதிமன்றமும் ஒரு குழந்தையின் சொல்லை ஏற்று நின்றன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறேன். குற்றவாளிகள் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடிப் போவதற்குக் காரணம், இவள் சொன்னால் யாருக்கும் புரியாது என்ற துணிச்சல். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சைகை புரியும் என்பது ஊருக்குத் தெரிந்தால் அந்தத் துணிச்சல் குறையும். வழக்கு முடிந்த பின் கிடைக்கும் தண்டனையைவிட இந்தச் செய்தி முன்கூட்டியே காக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? நிறையவே சொல்கிறது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ போய், மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்துக்கொண்டு, வீடியோவில் பதிவு செய்து புகார் வாங்க வேண்டும். 2013 குற்றவியல் சட்டத் திருத்தத்தில் வந்த இந்த விதி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவிலும் தொடர்கிறது. மாற்றுத்திறனாளியைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது 179. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 12-ஆவது பிரிவில், அவரவர் விரும்பும் மொழியிலும் முறையிலும் சாட்சியத்தைப் பதிவு செய்ய வசதி வேண்டும் என்கிறது. 2021-இல் பார்வையற்ற பெண் ஒருவரின் வழக்கில், மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தை எடை குறைந்ததாக நினைக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் அழுத்திச் சொன்னது.

ஆனால் ஓட்டையைக் கவனியுங்கள். புகார் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற தெளிவான கட்டளை பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். செல்போன் பறிகொடுத்தவர், சம்பளம் தராமல் விரட்டப்பட்டவர், விபத்தில் சிக்கியவர், பெட்டி கேஸில் பிடிபட்டவர் ஆகியோருக்கு அவ்வளவு தெளிவான வரி இல்லை. காது கேளாதோர் ஸ்டேஷன் படி ஏறுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறைக் காரியங்களுக்குத்தான். அங்கே விரட்டப்படுகிறவர் பெரிய கொடுமை நேரும்போது மட்டும் நம்பி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கட்டளை எல்லாக் குற்றங்களுக்கும் நீள வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், காவல்துறைத் தலைமையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

காவலர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. இரவு பதினொன்றரை மணி. பந்தோபஸ்து முடிந்து திரும்பிய இரண்டு பேர், எழுதி முடிக்காத புகார் ரசீதுகள் (சி.எஸ்.ஆர்.) ஒரு கட்டு. அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவார் அந்த எஸ்.ஐ.? யாருக்குப் போன் செய்வார்? வந்தவருக்கு ஆட்டோக் கட்டணத்தை எந்தக் கணக்கில் கொடுப்பார்? நாடு முழுவதிலும் சான்று பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் சில நூறு பேர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். இந்தக் குறை எந்த எஸ்.ஐ.யின் தனிக் குற்றமும் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகளின்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வைத்திருக்க வேண்டும், அவர்களுக்கு ஊதியமும் உண்டு. அந்தப் பட்டியல் குழந்தைகள் வழக்குக்கு மட்டும் என்று அலமாரியில் இருக்க வேண்டாம். அதைப் பெரியவர்களுக்கும் விரித்து, ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் ஒட்டி, பணம் எந்தத் தலைப்பில் என்பதையும் கீழே எழுதிவிடலாம். ஆள் நேரில் வரும்வரை வீடியோ அழைப்பு கை கொடுக்கும். முதல் பத்து நிமிடத்தில் வந்திருப்பவர் யார், அவருக்கு ஆபத்து இருக்கிறதா என்று கேட்டறிய அது போதும். வாக்குமூலத்துக்குப் போதாது. செல்போன் திரையில் பாதிக் கை வெட்டுப்படும். கிராமத்தில் பள்ளிக்கே போகாமல் வளர்ந்து, வீட்டுக்குள் பிறந்த சைகையை மட்டும் வைத்திருப்பவருக்குச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது. அவரோடு காது கேளாத ஒருவரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். ஒரு காது கேளாதவர் இன்னொருவரின் வீட்டுச் சைகைக்குள் நுழைந்து வழி கண்டுபிடிக்கிற வேகத்தை நான் பார்த்து வியந்திருக்கிறேன்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. இந்தூரில் துகோகஞ்ச் காவல் நிலையத்தில் காது கேளாதோருக்கென்றே உதவி மையம் இயங்கிவந்திருக்கிறது. சைகை மொழி வல்லுநர்களான புரோஹித் தம்பதியர் அதன் பின்னால் இருந்தார்கள். வேறு மாநிலங்களிலிருந்தும் அங்கே வழக்குகள் தேடி வந்தன என்றால் மற்ற ஊர்களில் என்ன நிலைமை என்பதும் விளங்கும். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் காது கேளாதவர் அவசர எண்ணை வீடியோவில் அழைத்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எந்நேரமும் திரையில் வருகிறார். நம் 112-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், தமிழ்நாட்டுக் காவல்துறையின் "காவல் உதவி" செயலியில் அவசரப் பொத்தானை அழுத்தலாம். அழுத்திய பின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் அழைப்பு வந்தால் அவர் அதை எப்படி எடுப்பார்? "அழைத்தவர் காது கேளாதவர், எழுத்தில் மட்டும் பேசு, ஆளை அனுப்பு" என்று அந்தத் திரையில் ஒரு குறி தோன்றும்படி செய்வது பெரிய தொழில்நுட்பம் அல்ல.

இடப்பக்கம் அமர்ந்திருக்கும் என் காது கேளாத நண்பர்களுக்கும் சில வார்த்தைகள். வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் தெரியும்படி வையுங்கள். காதைத் தொட்டு, கையை அசைத்து, கேட்காது என்று முதலில் காட்டுங்கள். அதன் பிறகு அட்டையை எடுங்கள். புரியாதபோது தலையாட்டாதீர்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் எவ்வளவு கோபப்பட்டாலும் போடாதீர்கள். புகாரை எழுதுவது கடினம் என்றால் சைகையில் வீடியோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். மின்னணு வழியாகத் தகவல் தர இப்போது சட்டம் இடம் தருகிறது. மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மொழியில் உங்கள் முகத்தோடு முதல் நாளே பதிவான வீடியோவை யாரும் பின்னால் திருத்தி எழுத முடியாது.

கடைசியாக, பயிற்சி. காவலர் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை பாடமாக இருந்தே தீர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. பாடம் யார் எடுப்பது என்பதுதான் கேள்வி. என்னைப் போன்ற கேட்கும் ஆசிரியரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவிட்டால், கேட்கிறவர்களுக்குள் ஒரு பேச்சு நடந்து முடியும். வண்டலூருக்குப் பக்கத்தில் ஊனமாஞ்சேரியில் இருக்கும் காவல் உயர் பயிற்சியகத்திலும், மாவட்டப் பயிற்சிப் பள்ளிகளிலும் காது கேளாதவர்களே ஆசிரியர்களாக நிற்கட்டும். ஒரு நாள் முழுக்க வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, பயிற்சிக் காவலர்கள் அவர்களிடம் புகார் கொடுத்துப் பார்க்கட்டும். தங்கள் செல்போன் எங்கே எப்போது தொலைந்தது என்பதைக் கையால் சொல்லத் திணறட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெருவிளக்கின் கீழ் கூடி நின்று பேசும் காது கேளாதோர் கூட்டத்தை ரோந்துக்காரர் கலைப்பதற்குப் பதிலாக, அவர்கள் ஏன் வெளிச்சத்தைத் தேடி நிற்கிறார்கள் என்று அந்தப் பயிற்சிக்குப் பிறகு அவருக்கே தெரியும். வழக்கு எதுவும் இல்லாத நாளில் அந்தக் கூட்டத்தின் நடுவே அரை மணி நேரம் நின்ற எஸ்.ஐ.யை, வழக்கு வருகிற நாளில் அவர்கள் தேடிப் போவார்கள்.

காது கேளாதோருக்குள் ஒரு வழக்கம் உண்டு. பழகியவருக்குத் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைப்பார்கள். கன்னத்து மச்சம், நடை, சிரிப்பு என்று எதையாவது பிடித்து வைக்கிற சைகைப் பெயர் அது. இப்போது தேநீர் இடைவேளை. சீருடையில் வந்திருப்பவர்கள் யாரும் தங்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட வேண்டாம். பாதையைத் தாண்டிப் போய் ஒருவரிடம் உங்களுக்கு ஒரு பெயர் கேட்டு வாங்குங்கள். எந்த ஸ்டேஷன் என்பதையும் அவருக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.